கல்லுக்கு ஒரு கவசம்! வெயிலும் மழையும் கழுவி விடும் அதிசயப் பூச்சு

சடையங்குப்பத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். மாலையில் வீடு திரும்பியதும் சட்டைக் காலரைக் கவனியுங்கள்.

கறுப்பு!

சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து விடலாம். சுவரை எப்படித் துவைப்பது?

வட சென்னையில், மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிறது சடையங்குப்பம். பக்கத்தில் கொசஸ்தலை ஆறு. சுற்றுவட்டாரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், துறைமுகம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பர்மா நகர் இங்கேதான் இருக்கிறது. மழைக் காலத்தில் வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்தால் புழுதி வரும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர், சித்திரை பிறப்பதற்குள் சாம்பல் நிறமாகி விடுகிறது. விரலால் தடவினால் விரலில் மை ஒட்டிக் கொள்கிறது.

வீட்டுச் சுவர் என்றால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடித்துக் கொள்ளலாம். ஆனால் நூறு வருஷம், ஆயிரம் வருஷம் நிற்கும் கட்டிடங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றனவே, அவற்றின் கதி என்ன?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள். ஒரு பூச்சு. அதைப் பூசி விட்டால் சுவர் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளுமாம்! வெயில் அழுக்கைத் தின்னுமாம். மழை மிச்சத்தைக் கழுவுமாம்.

கட்டுக்கதை இல்லை. உண்மைதான். ஆனால் "எல்லாச் சுவருக்கும் பூசலாமா?" என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்.

ஆயிரம் வருஷத்துக் கல்

சடையங்குப்பத்துக்கு அருகில் இருக்கிறது திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி, வடிவுடை அம்மன் கோவில் கொண்ட ஊர். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம். பட்டினத்தாரின் சமாதி உள்ள ஊர்.

அந்தக் கோவிலின் மூலஸ்தான விமானத்தைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். யானை படுத்திருக்கும்போது அதன் முதுகுப்புறம் எப்படி வளைந்திருக்குமோ, அப்படி வளைந்திருக்கும். "தூங்கானை மாடம்" என்று அதற்குப் பெயர்.

இதைக் கருங்கல்லால் கட்டியது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில். ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டவன். சதுரானன பண்டிதர் என்ற மடாதிபதி கேட்டுக் கொண்டார். ரவி என்ற வீரசோழத் தச்சன் கட்டினார். கட்டிய தச்சரின் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது. ராஜாவின் பெயர் கல்லில் இருப்பது சகஜம். தச்சர் பெயர் இருப்பது அபூர்வம் அல்லவா?

அந்த எழுத்துக்கள் மறைந்து போனால், அந்தத் தச்சரை நாம் தெரிந்து கொள்ள வேறு வழி இல்லை.

தெற்கே சிறிது தூரம் வந்தால் ராயபுரம் ரயில் நிலையம். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ந் தேதி அங்கிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. 2005-ம் ஆண்டு அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள்.

கோவில் கருங்கல். நிலையம் செங்கல்லும் சுண்ணாம்பும். இரண்டும் வெவ்வேறு ஜாதிச் சுவர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியம்.

கரி எங்கிருந்து வருகிறது?

முதலில் ரயில் எஞ்சின் விட்ட புகை. பிறகு துறைமுகத்தில் மலை மலையாகக் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதுவும். கடற்காற்று அடித்தால் ராயபுரத்து வீடுகளில் கொடியில் காய்ந்த துணி கறுத்து விடும்.

கடைசியில் வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-ம் ஆண்டு உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்திலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின.

எங்கே போயின? எண்ணூருக்கு!

ராயபுரத்துக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எண்ணூர்க்காரர்களைப் பற்றி யார் கேட்டார்கள்?

2009-ம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளைக் கணக்கெடுத்தது. மிக மோசமாக மாசுபட்டவை என்று 43 இடங்களைக் குறித்தது. அந்த 43-ல் மணலியும் ஒன்று.

இவை போதாதென்று துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. போகிப் பண்டிகையன்று நாமே கொளுத்தும் பழைய டயர்களையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

சுவர் ஏன் கறுக்கிறது?

வெறும் தூசி என்றால் ஊதினால் பறந்து விடும். ஆனால் புகையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அந்தப் பசை சுவரில் ஒட்டிக் கொள்கிறது. தூசி அதில் வந்து அப்பிக் கொள்கிறது. அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக வாயு கிளம்புகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் கந்தக அமிலம். அந்த அமிலம் சுண்ணாம்புக் காரையிலோ பளிங்கிலோ பட்டால், மேல் பாகம் ஜிப்சமாக மாறி விடுகிறது. சாக்பீஸ் போல மெதுவான சரக்கு. அதற்குள் கரி புகுந்து உறைந்து, கறுப்புப் பொருக்காகி விடுகிறது. சில வருஷத்தில் அந்தப் பொருக்கு உதிரும். உதிரும்போது தனியாகப் போகாது. அடியிலுள்ள பூவேலையையும் சேர்த்துக் கொண்டு போகும்.

கருங்கல் இந்த அமிலத்துக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அழுக்கை எடுக்க வந்தவர்களிடம்!

கும்பாபிஷேகம் என்றால் கோவிலைச் சுத்தம் செய்வார்கள். ஒரு காலத்தில் இதற்காக இயந்திரம் வைத்து மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்குப் போயிற்று. கூடவே சிற்பத்தின் மூக்கு நுனியும், கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்து போயின. தமிழ்நாட்டில் பல கோவில்களில் இப்படி நடந்தது. கூக்குரல் எழுந்த பிறகு அரசாங்கம் அதற்குத் தடை போட்டது.

தாஜ்மகாலுக்கு நல்ல வைத்தியம் செய்தார்கள். மதுரா எண்ணெய் ஆலைப் புகையாலும் ஆக்ராவின் பட்டறைப் புகையாலும் பளிங்கு மஞ்சள் பாரித்தது. முல்தானி மட்டி என்ற களிமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். காய்ந்ததும் அது அழுக்கை உறிஞ்சிக் கொண்டது. பிறகு தண்ணீரால் கழுவி எடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசிக் கொள்ளும் அதே மண்தான்! 1994-ம் ஆண்டு முதல் பல தடவை இப்படிச் செய்திருக்கிறார்கள். பற்றுப் போட்டதோடு நிற்கவில்லை. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, தாஜ்மகாலைச் சுற்றிலும் 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

தாமரை இலை சொன்ன ரகசியம்

இனி அதிசயப் பூச்சுக்கு வருவோம். அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையை நமக்குக் கற்றுக் கொடுத்தது தாமரை இலை. பட்டும் படாமலும் இருப்பவரை "தாமரை இலைத் தண்ணீர்" என்கிறோம். ஏன் ஒட்டவில்லை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் ஒரு ஜெர்மானியர். பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற தாவர விஞ்ஞானி.

தாமரை இலை வழவழப்பானது என்றுதான் நாம் நினைக்கிறோம். கிடையாது! மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இலை முழுவதும் குட்டிக் குட்டி மேடுகள். மேடுகளின் மேல் மெழுகு. தண்ணீர்த் துளி மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காருகிறது. சற்றுச் சாய்ந்தால் உருண்டு ஓடுகிறது. ஓடும்போது தூசியையும் அள்ளிக் கொண்டு போகிறது. இதை அவரும் கூட்டாளியும் 1997-ல் விரிவாக எழுதினார்கள். 1999-ல் இதே முறையில் சுவருக்கு ஒரு பெயிண்ட் ஜெர்மனியில் கடைக்கு வந்து விட்டது.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். இதில் தண்ணீர் உருளாது. பாய் விரித்தாற்போல் பரவும்.

1967-ம் ஆண்டு. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகம். அகிரா புஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருளைத் தண்ணீரில் வைத்து அதன் மேல் பலமான வெளிச்சம் காட்டினார். தண்ணீரில் குமிழி கிளம்பியது! விளக்கை அணைத்தார், குமிழி நின்றது. மறுபடி போட்டார், மறுபடி குமிழி. வெளிச்சமே தண்ணீரைப் பிரிக்கிறது என்று கண்டு கொண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் ஹோண்டாவும் 1972-ல் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடு என்றதும் பயப்பட வேண்டாம். வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை கொடுப்பது அதுதான். முகப் பவுடரிலும் உண்டு. அதற்கு மூலப்பொருளான இல்மனைட் என்ற கறுப்பு மணல், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பொடி!

பெயிண்டில் உள்ளது ஒரு படிக வடிவம். அழுக்கைத் தின்பதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது இன்னொரு படிக வடிவம். அதை மிக மிக நுண்ணிய பொடியாக்கித் திரவத்தில் கலந்து சுவரில் தெளிக்கிறார்கள். அந்தப் பொடியில் ஆயிரக்கணக்கான துகள்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமயிரின் பருமன் வரும். பூசியது கண்ணுக்கே தெரியாது.

வெயில் பட்டதும் அந்தத் துகள் விழித்துக் கொள்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கொண்டு, காற்றிலுள்ள ஈரத்தையும் பிராணவாயுவையும் உசுப்பி விடுகிறது. உசுப்பப்பட்ட அவை எண்ணெய்ப் பசையின் மேல் பாய்ந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் பிரித்து விடுகின்றன. பசை போனால் தூசிக்குப் பிடிமானம் இல்லை. துகள் மட்டும் அப்படியே இருக்கிறது. கல்யாணத் தரகர் மாதிரி! இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைத்து விட்டு, அடுத்த கல்யாணத்துக்குப் போய் விடுகிறது.

பிறகு மழை. எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகு ஊற்றினால் சீராகப் பரவும். வெயில் பட்ட இந்தப் பூச்சின் மேலும் மழை அப்படித்தான் பரவுகிறது. அழுக்கின் அடியில் புகுந்து அதைத் தூக்கிக் கொண்டு கீழே இறங்குகிறது.

ரோமாபுரியில் 2003-ம் ஆண்டு திறந்த ஒரு மாதா கோவில், கப்பல் பாய் போன்ற மூன்று வெள்ளைச் சுவர்களோடு நிற்கிறது. அந்தச் சுவர்களின் சிமெண்டிலேயே இந்தப் பொருளைக் கலந்திருக்கிறார்கள். ஜப்பானில் ஓடுகள், இங்கிலாந்தில் ஜன்னல் கண்ணாடிகள் என்று இது பரவி விட்டது.

பழைய சுவருக்கு ஆகுமா?

ரோமாபுரிக் கோவில் புதுக் கட்டிடம். நம்முடையது பழசு. இங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல், நம்முடைய வானம். இந்தப் பூச்சுக்கு வெயிலும் வேண்டும், மழையும் வேண்டும். சென்னையில் வெயிலுக்குக் குறைவில்லை. மழை? ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். தையிலிருந்து ஆனி வரை வானம் பார்த்தபடிதான். அந்த மாதங்களில் கழுவுவது யார்? கூரைக்கு அடியில், தாழ்வாரத்தில், சிற்பத்தின் மடிப்புக்குள் மழையே படாது. அங்கே வெயிலும் எட்டாது.

இரண்டாவது, அழுக்கின் குணம். பூச்சு தின்பது எண்ணெய்ப் பசையை. சிமெண்டுப் புழுதியையோ, செம்மண்ணையோ, கடல் உப்பையோ அதனால் தின்ன முடியாது. நிலக்கரித் தூள் கனமாகப் படிந்து விட்டால், வெயிலே துகளுக்கு எட்டாமல் போய் விடும். வடசென்னையில் விழுவதில் இந்தச் சரக்குத்தான் அதிகம்!

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். சுவர் மூச்சு விட வேண்டும்.

"சுவருக்கு ஏது மூச்சு?" என்று சிரிக்காதீர்கள். பழைய செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். சுண்ணாம்புக் காரை வழியாக ஈரம் மெல்ல வெளியேறிக் காற்றில் போகும். அந்த வழியை அடைத்து விட்டால்? உப்பு உள்ளேயே படிகமாகும். படிகம் பெருக்கும்போது காரையைப் பிளக்கும். உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும் சுவர்களை நாம் பார்க்கிறோமே, அவற்றில் பல, பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டோ எனாமல் பெயிண்டோ பூசியதன் பலன்.

ஆகவே தாமரை வகையோ வெயில் வகையோ, பூச்சு தண்ணீரைத் தடுத்தாலும் ஆவியைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் அது கவசம் இல்லை. கழுத்தைப் பிடிக்கும் கயிறு.

இன்னொரு கவலையும் உண்டு. இந்தத் துகள்கள் வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்களையும் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றுக்கு அது நல்லது. ஆனால் நைட்ரேட்டு சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையும் உப்பு. புதுச் சிமெண்டுக்கு அது பெரிய விஷயம் இல்லை. நூற்றைம்பது வருஷத்துச் சுண்ணாம்புப் பூவேலைக்கு? இத்தாலி, ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்குத் துண்டுகளிலும் பூசி, நிறம் மாறுகிறதா, ஆவி போகிறதா என்று சோதித்து வருகிறார்கள்.

பாட்டன் போட்ட பூச்சு

நம் முன்னோர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாதா? தெரியும். அவர்களும் ஒரு பூச்சு வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு!

பழவேற்காட்டு ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சூளையில் சுட்டார்கள். தண்ணீர் விட்டுத் தாளித்தார்கள். வெல்லம், தயிர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினால் பளிங்கு போல மின்னும். "மெட்ராஸ் சுண்ணாம்பு" என்று வெள்ளைக்காரர்கள் அதை வியந்தார்கள்.

சாதாரண வெள்ளையடிப்பிலும் சூட்சுமம் உண்டு. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. ஆவியை விடுகிறது. அமிலம் வந்தால் முதலில் அதுதான் அடிபடுகிறது. உள்ளே உள்ள காரை தப்புகிறது. அடுத்த வருஷம் மறுபடி ஒரு பூச்சு. அதற்குக் கூலியும் ஆளும் வேண்டும் என்பதுதான் குறை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் எனாமல் வந்தது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ராயபுரம் நிலையம் போன்ற சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் முதல் மருந்து. புதுப் பூச்சை அதன் மேல் சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. திருவொற்றியூர்க் கல்வெட்டின் மேல் எதையும் தெளிக்க அவசரமே வேண்டாம். மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் பொறுமையான கையும் இப்போதைக்குப் போதும்.

புதுப் பூச்சுக்குச் சரியான இடம் எது? சடையங்குப்பத்தில் புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடம், மேம்பாலத் தூண், சிமெண்டுச் சுவர். அங்கே தாராளமாகப் பூசலாம்.

ஆனால் சுவரில் படியும் அதே கரியைத்தான் சுவருக்கு உள்ளே இருப்பவர்களும் சுவாசிக்கிறார்கள். குழந்தையின் மார்புக்குள் பூசுவதற்கு எந்த விஞ்ஞானியும் பூச்சுக் கண்டுபிடிக்கவில்லை. தாஜ்மகாலுக்காக 292 ஆலைகளிடம் நிலக்கரியை விடச் சொன்ன நாடு இது. பர்மா நகருக்காக அப்படிச் சொல்லக் கூடாதா?

கழற்றக் கூடிய கவசம்

திருவொற்றியூர்க் கோவிலில் ஒரு விசேஷம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருஷம் முழுவதும் அவர் மேல் கவசம் சாத்தியிருப்பார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். பிறகு மறுபடி மூடி விடுவார்கள்.

பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் நிபுணர்கள் உலகம் முழுவதும் கேட்பதும் அப்படிப்பட்ட பூச்சைத்தான். வேண்டும்போது போடலாம், தேவையில்லாதபோது, உள்ளே உள்ளதற்குச் சேதம் இல்லாமல் எடுக்கலாம்.

பூச்சு சுவருக்கு ஒத்துக் கொள்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான முறை இருக்கிறது. கண்ணில் படாத மூலையில் ஒரு முழம் சுவருக்குப் பூச வேண்டும். பக்கத்திலேயே ஒரு முழம் பூசாமல் விட வேண்டும். இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் போகட்டும். மூன்றாம் வருஷம் தை மாதம் போய், இரண்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காரை உதிர்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா, விரலில் எவ்வளவு மை ஒட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த முழத்துக்குக் கை வைக்க வேண்டும்.